லைனில் பிழை

பத்தாம் நம்பர் லயம், கீழ்ப்பிரிவு,
பெரியவெளித் தோட்டம், ராகலை.
2025 மார்ச் 3

நுவரெலியா கம்ப்யூட்டர் கடை சஞ்சயன் அவர்களுக்கு,

பெட்டியை மூன்றாம் தடவையாக அனுப்புகிறேன். கொண்டு வருகிறவர் அதே ராகலை பஸ் கண்டக்டர் சுமன்தான். "அக்கா, இதுக்கு ஒரு சீசன் டிக்கட் எடுத்துருங்க" என்று அவர் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது உங்கள் திருத்த வேலை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். எங்கள் பிரிவில் சிக்னல் கிடையாது. பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். அங்கே காற்றில் சேலையைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா, உங்களோடு சண்டை பிடிப்பதா? அதோடு போனில் சொன்னதை நீங்கள் மறந்துவிடுகிறீர்கள். எழுத்தில் இருக்கட்டும்.

சுவிட்சை அமுக்கினால் பச்சை லைட் வருகிறது. உள்ளே காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றுகிறது. டக்கென்று நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்துத் தானாகவே இன்னொரு தடவை முயல்கிறது, அதுவும் நிற்கிறது. முதல் தடவை பவர் சப்ளையை மாற்றினீர்கள். இரண்டாம் தடவை ரேமைக் கழற்றித் துடைத்து, பொத்தான் மாதிரி ஒரு பேட்டரியும் போட்டு, இனிப் பிரச்சினை வராது என்றீர்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே வந்தது.

இது படம் பார்க்கிற கம்ப்யூட்டர் இல்லை. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு, பதினான்கு குடும்பம். வீடு கட்டச் சொந்தக் காணி கேட்டு எல்லோரும் விண்ணப்பம் போடுகிறோம். போன வருடம் கையால் எழுதிக் கொடுத்ததை, வாசிக்க முடியவில்லை என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் திருப்பிவிட்டார்கள். இந்தத் தடவை டைப் அடித்துத்தான் கொடுக்க வேண்டும். கடைசி நாள் மார்ச் 28, வெள்ளிக்கிழமை. டைப் தெரிந்தவள் லயத்தில் நான் ஒருத்திதான். பெட்டி இப்படி நிற்கத் தொடங்குமுன் ஒன்பது குடும்பத்துக்கு முடித்தேன், ஐந்து மிச்சம். முடித்ததும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

உங்களுக்கு இது ஒரு பெட்டி. எங்களுக்கு அப்படி இல்லை.

இப்படிக்கு,
ஜீவராணி


நுவரெலியா
மார்ச் 6

ஜீவராணி அவர்களுக்கு,

உங்கள் மெஷினை மூன்று நாள் என் மேசையிலேயே வைத்து, வேறு வேலையையும் விட்டுவிட்டுப் பார்த்தேன். முப்பது தரம் போட்டேன். முப்பது தரமும் எழும்பியது. குளிர விட்டும் பார்த்தேன், சூடாக்கியும் பார்த்தேன். மெஷினில் ஒரு பிழையும் இல்லை, சுமனிடமே திருப்பி அனுப்புகிறேன். நான் மறந்துவிடுகிறேன், கவனமில்லாமல் செய்கிறேன் என்று எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிழை உங்கட லைனில. லைனைத் திருத்தாமல் மெஷினை எத்தனை தரம் அனுப்பினாலும் இதுதான் நடக்கும். இப்படியான லைனுக்கு டெஸ்க்டொப் சரிவராது.

சஞ்சயன்


பத்தாம் நம்பர் லயம்
மார்ச் 8

சஞ்சயன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன், நான்தான் தப்பாக வாசிக்கிறேனோ என்று. இல்லை. அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். லயத்துக்கு லைன் என்றும் பெயர் இருப்பது யாருக்குத்தான் தெரியாது?

இப்படியான லைனுக்கு டெஸ்க்டொப் சரிவராது. அப்படியென்றால் எந்த மாதிரி லைனுக்குச் சரிவரும்? கொழும்பில் ஆறு வருடம் ஒரு கொமியுனிகேஷன் கடையில் டைப் அடித்தேன். அங்கே வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். ராகலை என்றால், டவுனா தோட்டமா என்று அடுத்த கேள்வி வரும். தோட்டம் என்றதும் முகத்தில் ஒன்று மாறும் பாருங்கள், அதை நான் ஆறு வருடம் பார்த்தவள். அம்மா படுக்கையில் விழுந்ததால் திரும்பி வந்து, இப்போது தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். பறித்த காசைச் சேர்த்துத்தான் அந்த மெஷினை வாங்கினேன். லயத்து ஆள் கம்ப்யூட்டர் வைத்திருப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால், முதல் தடவையே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை பஸ்ஸில் ஏற்றி இறக்கியிருக்க வேண்டியதில்லை.

லைனைத் திருத்த வேண்டுமாம். திருத்தத்தானே ஐயா அந்த விண்ணப்பம். நூற்றைம்பது வருடமாக யாரும் திருத்தாத லைனை நாங்களாகவே திருத்திக்கொள்ளப் போகிறோம், அதற்குத்தான் அந்தப் பாழாய்ப்போன பெட்டி எழும்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு அழகம்மா அக்காவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "யாழ்ப்பாணத்து ஆளா? அப்ப நம்ம ஆளுகளுக்கு வேற எப்புடி எழுதுவாரு" என்றார். நான் உங்களுக்காகப் பேசவில்லை.

பெட்டி என் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் கடைக்கு இனி அனுப்ப மாட்டேன்.

ஜீவராணி


நுவரெலியா
மார்ச் 10

ஜீவராணி அக்காவுக்கு,

நான் லைன் என்று எழுதியது கரண்ட் வரும் கம்பியை.

கம்பியை அக்கா. உங்கள் வீட்டை அல்ல, உங்கள் ஆட்களை அல்ல. சாவகச்சேரியில் நான் வேலை பழகிய கடையில் கரண்ட் கம்பிக்கு லைன் என்றுதான் பெயர். லைனில் பிழை, லைன் டவுன், லைன் வரவில்லை. வாய் பழகிவிட்டது. கை அதையே எழுதிவிட்டது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கும் கோபம்தான் வந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு பக்கம் முழுக்க ஏச்சு வாங்கினேன் என்று மனைவியிடம் கொடுத்தேன். சுலக்ஷனா பட்டிப்பொல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் உங்கள் கடிதத்தை வாசித்தாள். நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். "லயத்துப் பொம்பளைக்கு லைன் பிழைன்னு எழுதுனீங்களா? எனக்கு எழுதியிருந்தா பெட்டிய தூக்கி ஒங்க தலையில போட்டிருப்பேன்" என்றாள். இரண்டு நாளாக என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்கு உறைக்காமல் போனது என் பிழைதான். மன்னியுங்கள்.

ஆனால் யாழ்ப்பாணத்து ஆள் வேறு எப்படி எழுதுவான் என்றதை நான் மறக்கவில்லை. அழகம்மா அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். மெஷின் இங்கே எழும்புகிறது, அங்கே எழும்பவில்லை. ஆகவே அங்கே வரும் கரண்டை அளக்க வேண்டும். என் மீட்டரை சுமனிடம் கொடுத்திருக்கிறேன். டயலை நான் ஒட்டிய சிவப்பு டேப்புக்கு நேரே வையுங்கள், வேறெங்கும் திருப்ப வேண்டாம். இரண்டு ஊசியையும் பிளாஸ்டிக் பகுதியில் பிடித்து ப்ளக் ஓட்டைக்குள் வையுங்கள். இரும்பில் கை படக்கூடாது. கை ஈரமாக இருந்தால் தொடவே வேண்டாம். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டும். ஒரு நாளில் பல நேரம் அளந்து எழுதி அனுப்புங்கள்.

சஞ்சயன்


பத்தாம் நம்பர் லயம்
மார்ச் 17

சஞ்சயன் தம்பிக்கு,

அழகம்மா அக்காவிடம் சொன்னேன். "சரி சரி, வாய்தவறி வந்துருச்சுன்னு எழுது" என்றார். அவருடைய வாய் தவறியதா, உங்கள் கை தவறியதா என்று இனிக் கணக்குப் பார்க்க வேண்டாம். நானும் வார்த்தையைக் கொட்டிவிட்டேன். சுலக்ஷனாவிடம் கோபத்தை விடச் சொல்லுங்கள்.

ஒரு கிழமை அளந்தேன். காலை ஐந்தரைக்கு, எல்லோரும் கேத்தலும் ஹொட் பிளேட்டும் போடுகிற நேரம், நூற்று ஐம்பத்தொன்று. ஆறரைக்கும் அப்படித்தான். பிறகு பேர் பதிகிற பெரட்டுக்குப் போய், அப்படியே மலைக்குக் கொழுந்து பறிக்க ஏறிவிடுவோம். வியாழக்கிழமை வயிற்றுவலி என்று கங்காணியிடம் பொய் சொல்லி வீட்டில் நின்றேன். பகல் பதினொரு மணிக்கு இருநூற்றுப் பதினான்கு. சுவிட்சைப் போட்டேன். ஒரு முக்கல் முனகல் இல்லாமல் எழும்பியது தம்பி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாலை ஐந்துக்கு ஆட்கள் மலையிலிருந்து திரும்பியதும் நூற்று அறுபது, ஆறு மணிக்கு நூற்று நாற்பத்தெட்டு. ஞாயிறு முழுநாளும் ஆட்கள் வீட்டில், முழுநாளும் நூற்றைம்பத்துச் சொச்சம்.

இப்போது புரிகிறதா? கரண்டு இருக்கிறபோது நான் மலையில். நான் வீட்டில் இருக்கிறபோது கரண்டு இல்லை.

கம்பியையும் போய்ப் பார்த்தேன். முதல் வீட்டுக்கு வருகிற ஒரே ஒரு மெல்லிய கம்பிதான் அங்கிருந்து இரண்டாம் வீட்டுக்கு, மூன்றாம் வீட்டுக்கு என்று ஓடிக் கடைசியில் என் வீட்டுக்கு வருகிறது. நான் பன்னிரண்டாம் காம்பரா. ஐந்தாம் காம்பரா சின்னராசா அண்ணன் வீட்டுக் கூரைக்குக் கீழே கம்பியை முறுக்கி, அதற்கு மேல் சொப்பிங் பேக்கைச் சுற்றியிருக்கிறார்கள். அந்தப் பை உருகிக் கறுத்துப்போயிருக்கிறது.

உங்கள் மீட்டர் காட்டிய நம்பர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்த இடம் ஆபத்து என்றும் எழுதி, தோட்டத்துக் கந்தோருக்கு எடுத்துப் போனேன். கிளாக்கர் வாசித்தார். "லயத்துக்கு பல்பு எரிக்கத்தான் கரண்டு குடுத்திருக்கு. கம்ப்யூட்டர் வச்சு அங்க என்ன ஆபிஸா நடத்துறீங்க?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "காணி விண்ணப்பப் பாரம் அடிக்கிறது நீதானாமே" என்றார். தோட்டத்தை நடத்துகிற தொரைக்குத் தெரியுமாம். தெரியட்டும். பல்பு எரிக்க மட்டும் என்றால், அந்த பல்பையாவது ஒழுங்காக எரிய விட்டார்களா? மாலையில் ஒரு புழு மாதிரி உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. அதற்கும் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். உங்களை நான் ஏசியது தப்பு. ஏச வேண்டிய ஆள் வேறு.

இன்னும் பதினொரு நாள். நான் இனி லீவு போட முடியாது, மூன்று நாள் போட்டாகிவிட்டது, கங்காணி எச்சரித்துவிட்டார். என் கடையில் வந்து டைப் செய்யுங்கள் என்று நீங்கள் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாரத்திலும் ஆறு பக்கம். யார் எப்போது பிறந்தது, எப்போது செத்தது, எத்தனை வருடமாக இந்தக் காம்பராவில் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆட்கள் சொல்ல வேண்டும். ஐந்து குடும்பத்தையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வரட்டுமா?

என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஜீவராணி அக்கா


நுவரெலியா
மார்ச் 19

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததில் இருந்து எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு கம்பி. கடையில் மூன்று மெஷினுக்கே நாங்கள் அதைவிடத் தடித்த கம்பி போடுவோம். உங்கள் மெஷினுக்குள் மூன்று தரம் கையை விட்டேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நல்ல பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்லதைப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மெஷின் நின்றுவிடுவது பழுதினால் இல்லை. எழும்பும் நேரத்தில்தான் அது அதிகமாக இழுக்கும். அந்த நேரம் கரண்ட் இன்னும் விழும், போதாது என்று அதுவே நிறுத்திக்கொள்ளும். அந்த முறுக்கிய இடம் கருகக் கருகத்தான் முன்பு எழும்பியதும் இப்போது எழும்பாமல் போயிருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் ஒன்று அனுப்பலாமா என்று யோசித்தேன். அது உங்களுக்குக் கூட்டித் தரும், ஆனால் கம்பியில் அதிகமாக இழுத்து மற்ற வீடுகளுக்கு இன்னும் குறைத்துவிடும், அந்த முறுக்கிய இடமும் இன்னும் சூடாகும். அதை நான் செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீங்கள் வேலை செய்யும் நேரத்தில் மற்ற வீடுகளில் ஹொட் பிளேட், கேத்தல், அயன் பெட்டி இந்த மூன்றையும் போடாமல் இருந்தால் போதும். பல்பும் டிவியும் இருக்கலாம், அவை பெரிதாக இழுப்பதில்லை. பதினொரு வீட்டாரும் கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது. என் ஊரில் கேட்க மாட்டார்கள்.

சின்னராசா அண்ணன் வீட்டில் அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. பக்கத்தில் விறகோ துணியோ வைக்கவும் கூடாது.

சஞ்சயன்


பத்தாம் நம்பர் லயம்
மார்ச் 26

தம்பிக்கு,

முடிந்தது. பதினான்கும் முடிந்தது. இந்தக் கடிதத்தோடு பென்ட்ரைவ் இருக்கிறது. எங்களிடம் பிரிண்டர் இல்லை, உங்கள் கடையில்தான் அடிக்க வேண்டும். எல்லோருடைய அடையாள அட்டை நம்பரும் அதற்குள் இருக்கிறது. வேறு யாரிடமும் இதைக் கொடுத்திருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தாள்கள் என் கைக்கு வர வேண்டும்.

எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, நீங்கள் எழுதியதை வாசித்தேன். மூன்று சாமான் மட்டும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "அவரு டவுன்ல இருந்துக்கிட்டு எழுதுறாரு, நம்ம கரண்டப் பத்தி அவருக்கு என்னா தெரியும். எல்லாத்தையும் அணைப்போம்" என்றார் சின்னராசா அண்ணன். மாலை ஐந்தரைக்கு முதல் காம்பராவிலிருந்து அணைத்துக்கொண்டே வந்தார்கள். பல்பு, டிவி, ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம். அழகம்மா அக்கா டோர்ச் லைட்டைக்கூட அணைத்துவிட்டார். அது பேட்டரியில் எரிவது அக்கா என்றேன். "எதுக்கு வம்பு" என்றார்.

இருநூற்றொன்பது. சுவிட்சைப் போட்டேன், எழும்பியது. லயம் முழுக்க இருட்டு, என் ஒரு திரை மட்டும்.

முதலில் சின்னராசா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா செத்த தேதி அவருக்கு ஞாபகம் இல்லை. தலையைச் சொறிந்தார். டிவிச் சத்தம் எதுவும் இல்லை, எங்கள் சுவர்களும் கூரை வரை போவதில்லை, பேசுவதெல்லாம் எல்லாருக்கும் கேட்கிறது. நாலாம் காம்பராவிலிருந்து ஒரு குரல் வந்தது: "அன்னைக்கித்தான் எம் மூத்தவ பெரிய மனுசியானா. வைகாசி." எட்டாம் காம்பராவிலிருந்து இன்னொரு குரல்: "வைகாசி இல்ல, ஆனி. அந்த வருசம் மண்ணு சரிஞ்சிச்சே." வருடம் எது என்று நான் கத்தினேன். மூன்று காம்பராவிலிருந்து ஒரே வருடம் வந்தது. அதை அடித்தேன்.

மூன்று நாளும் அப்படித்தான். ஒருவருடைய பிறந்த தேதியை இன்னொருவர் சொன்னார். மறந்துபோன பிள்ளைகளின் பெயர்கள்கூட வந்தன, பிறந்து மூன்று மாதத்தில் போனவர்கள். அதை நான் பாரத்தில் போடவில்லை. ஒரு தாய் போடச் சொன்னாள், பாரத்தில் அதற்கு இடம் இல்லை.

வேறு எதுவும் பிழை இருந்தால் பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.

ஜீவராணி அக்கா


நுவரெலியா
மார்ச் 27

அக்காவுக்கு,

பதினான்கு பாரமும் இரண்டு பிரதி வீதம் அடித்துத் தனித்தனி உறையில் போட்டிருக்கிறேன். சுமன் நாளை முதல் பஸ்ஸில் கொண்டு வருவார். பென்ட்ரைவும் அதற்குள்ளேயே இருக்கிறது. என் மெஷினில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அழகம்மா அக்காவின் திருமண வருடம் பிழை, அதன்படி அவருக்கு ஐந்து வயதில் கல்யாணம். பென்சிலால் குறித்திருக்கிறேன், கொடுக்க முன் பேனாவால் திருத்துங்கள்.

அடிக்கும்போது வாசிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். தாள் ஒவ்வொன்றாக வரும்போது கண் போகாமல் இருக்கவில்லை. எப்போதிலிருந்து இங்கு வசிக்கிறீர்கள் என்ற இடத்தில், பதினான்கிலும் பிறந்ததிலிருந்து என்று இருக்கிறது. எங்கள் குடும்பம் சண்டைக் காலத்தில் ஒன்பது இடம் மாறியது. போன இடமெல்லாம் தற்காலிக வதிவிடம் என்று பாரம் நிரப்பினோம். ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடம் சொந்தமாகிவிடும் என்று நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு யாராவது ஏதாவது சாட்டுச் சொல்லித் திருப்பினால், பாறை மேல் ஏறி எனக்கு ஒரு அழைப்பு எடுங்கள். கடையைப் பூட்டிவிட்டு வருவேன்.

சஞ்சயன்


பத்தாம் நம்பர் லயம்
மார்ச் 30

தம்பிக்கு,

பாறை மேல் ஏற வேண்டி வரவில்லை.

வெள்ளிக்கிழமை லயத்தில் ஒருவரும் பெரட்டுக்குப் போகவில்லை. பதினான்கு குடும்பத்திலிருந்தும் ஆள் வந்தது. காணிக் கந்தோரில் இருந்த ஐயா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், பிழை பிடிக்கத்தான். "இதையெல்லாம் யார் டைப் பண்ணிக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் என்றேன். "எந்தக் கந்தோர்?" என்றார். கொழுந்து பறிக்கிறேன் என்றேன். என் கையைப் பார்த்தார், விரலில் கறை இருக்கிறதுதானே. பதினான்கு பாரத்திலும் சீல் குத்தி, பதினான்கு ரசீது கொடுத்தார். அழகம்மா அக்கா ரசீதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தார். திருப்பிப் பிடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலையே தோட்டத்து எலெக்ட்ரீஷியன் வந்து முதல் வீட்டிலேயே கம்பியை வெட்டிவிட்டான். கூடவே கிளாக்கர். ஏன் என்று கேட்டோம். "நீங்கதானே அது ஆபத்துன்னு எழுதிக் குடுத்தீங்க" என்று என் தாளையே எடுத்துக் காட்டினார். எப்போது திரும்பப் போடுவார்கள் என்று கேட்டோம். தொரை சொல்லும்போது என்றார். நாங்கள் விண்ணப்பம் கொடுத்த அதே நாளில், தம்பி. பத்து நாளுக்கு மேலாகக் கிடந்த தாளுக்கு அன்றைக்குத்தான் கண் திறந்திருக்கிறது. நல்ல கம்பி போடு என்று எழுதினால், இருக்கிற கம்பியை வெட்டுகிறார்கள். இதை நான் விடப்போவதில்லை. அளந்த நம்பர்கள் அத்தனையும் என்னிடம் இருக்கிறது, மேலே எழுதப் போகிறேன். உங்கள் பெயரையும் கடை சீலையும் போட்டு, கம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். இந்தத் தடவை கம்பி என்றே எழுதுங்கள்.

கிளாக்கர் போகும்போது நாங்கள் அழுவோம், கெஞ்சுவோம் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒருவரும் எழும்பவில்லை. சின்னராசா அண்ணன் மட்டும் உள்ளேயிருந்து சொன்னார்: "மூணு நாளு நாங்களே அணைச்சுட்டுத்தான் ஒக்காந்திருந்தோம் சார். நீங்க போங்க."

ஜீவராணி அக்கா